தோட்டாத்திரையும் நடுப்புள்ளியும்: ஜப்பானியச் சுடுவிளையாட்டுகளில் கடினம்

ஜப்பானியச் சுடுவிளையாட்டுகளுள் ‘டான்மாக்கு’ என வழங்கும் வகையை ஆங்கில வழக்கு ‘புல்லட் ஹெல்’ என்கிறது. ஜப்பானியச் சொல் குண்டுகளாலான திரையைச் சுட்டுகிறது; ஆங்கிலப் பெயரோ நரகத்தை. இவ்வகையின் கடினத்தை ஆட்டக்காரர்மீது ஏவப்படும் கொடுமையாகவும், அதை வெல்வதைக் கைவேகமாகவும் மட்டும் காணும் பார்வை இரண்டாம் பெயருக்கே இயைவது. விளையாட்டுகளின் அமைப்பு அப்பார்வைக்கு இடந்தரவில்லை.

டோவாப்ளான் நிறுவனத்தின் ‘பட்சுகன்’ (1993) இவ்வகையின் தொடக்கமாகப் பெரிதும் சுட்டப்படுகிறது. அந்நிறுவனத்திலிருந்து வந்தோர் அமைத்த கேவ், ‘டோன்பாச்சி’ (1995), ‘டோடோன்பாச்சி’ (1997) ஆகியவற்றின்வழி இதனை வளர்த்தது. முந்தைய சுடுவிளையாட்டுகளில் குண்டுகள் சில, விரைவு மிகுதி. இங்கோ அவை திரையை நிறைக்கின்றன. ஆயினும் பெரும்பாலும் மெல்ல நகர்கின்றன. விமானம் பெரிதாகத் தோன்றினும், குண்டு பட்டால் அழியும் பகுதி அதன் நடுவே ஒரு சிறு புள்ளியளவே. சிறகைக் குண்டு ஊடுருவினாலும் கேடில்லை. கண் காணும் உடல் வேறு, விதி ஏற்கும் உடல் வேறு என்பதை ஆட்டக்காரர் கற்றாக வேண்டும். அருகில் நின்று காண்பவருக்கு நரகமாகத் தெரிவது, கற்றவருக்கு இடைவெளிகள் நிறைந்த திரை.

குண்டுக் கோலங்களுள் சில மாறா வடிவின. சில ஆட்டக்காரர் நிற்குமிடத்தைக் குறிவைத்து வருபவை. பின்னவையே கூர்ந்து நோக்கத்தக்கன. திரையின் ஓரத்திலிருந்து சிறுகச் சிறுக நகர்ந்தால் குண்டுகள் முன்நின்ற இடத்தையே நாடி வரிசையாகப் பின்தொடரும். அஞ்சிப் பெரிதும் அலைந்தால் எங்கும் சிதறி வழியை அடைக்கும். ஆகவே திரையில் விரியும் கோலத்தில் ஆட்டக்காரருக்கும் பங்குண்டு. தோல்வி அவருக்கு அநீதியாகத் தோன்றாமல், மீண்டும் ஆடத் தூண்டுவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

‘டோஹோ’ வரிசை இன்னும் ஒருபடி செல்கிறது. அதில் குண்டை உரசிச் செல்வது புள்ளிகளாகக் கணக்கிடப்படுகிறது. அதனால் விலகுதல் நெருங்குதலாக மாறுகிறது. டிரெஷர் நிறுவனத்தின் ‘இக்காருகா’ (2001) கருமை, வெண்மை என இருநிறம் வகுத்து, தன் நிறக் குண்டுகளை விமானம் உட்கொள்ளுமாறு அமைத்தது. பெரிதும் போற்றப்படும் படைப்பே அது. எனினும் குண்டே உணவாகிவிடுவதால் இடைவெளியைத் தேடும் கண்ணுக்கு அங்கு வேலை குறைகிறது. அதனைப் புதிர்விளையாட்டின் அருகில் வைப்பதே தகும்.

‘டோஹோ’ வரிசையின் ‘பெர்ஃபெக்ட் செர்ரி பிளாசம்’ (2003), ஆட்டக்காரர் மெல்ல நகரும்போது அந்நடுப்புள்ளியைத் திரையிலேயே காட்டிவிடுகிறது. மறைந்திருந்த விதி வெளிப்பட்ட பின்னும் அவ்விளையாட்டு எளிதாகிவிடவில்லை.