உபயம் எழுதிய ட்யூப் லைட்

கோயில் ட்யூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். ‘உபயம்’ என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடை பெயர். எழுத்து போக மிச்ச இடுக்கில்தான் வெளிச்சம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

இந்த உபய வியாதி கம்ப்யூட்டரையும் விடவில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. மூடியில் முதல்வர் ஜெயலலிதா படம். மூடிதானே, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது. 2013ல் உத்தரப்பிரதேச அரசு கொடுத்த லேப்டாப்பில் திரையிலேயே முலாயம் சிங்கும் மகன் அகிலேஷும் சிரித்தார்கள். படத்தை எடுக்கப் போனால் லேப்டாப்பே படுத்துவிடுகிறது என்று செய்தி வந்தது!

கொடுத்தவர் பெயர் போடக்கூடாதா? கொடுத்தது யார் பணம் சார்? அது கிடக்கட்டும். பாஸ்வேர்டு கேட்கிற லாகின் திரை வீட்டு வாசல் மாதிரி. அங்கே என்ன கோலம் என்பதைக் குடியிருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏனாத்தூரில் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு லேப்டாப் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவு கொடுத்தார் என்பதற்காக முதலாளி முகத்தையா அவன் அப்பா முந்தானையில் நெய்கிறார்?

அரசியல்வாதியை மட்டும் திட்டிப் பயனில்லை. 2009ல் வந்த விண்டோஸ் 7ல் லாகின் படத்தை மாற்ற வழி இருந்தது. யாருக்கு? கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிக்கு! காசு கொடுத்து வாங்கிய நீங்கள் ரெஜிஸ்ட்ரிக்குள் நுழைந்து ‘ஓஇஎம் பேக்கிரவுண்ட்’ என்பதை 1 ஆக்கி, 256 கேபிக்குள் ஒரு படத்தைச் சொன்ன ஃபோல்டரில், சொன்ன பெயரில் வைக்க வேண்டும். சொந்த வீட்டுக்குள் கொல்லைப்புறமாக ஏறிக் குதிப்பது இதுதான். லாக் ஸ்கிரீன் படத்தை செட்டிங்ஸிலேயே மாற்றும் வசதி 2012ல் விண்டோஸ் 8ல்தான் வந்தது.

லினக்ஸ் இதில் கண்ணியமானது. அங்கே லாகின் திரை தனி புரோகிராம். ஜிடிஎம் பிடிக்கவில்லையா, தூக்கிவிட்டு லைட்டிஎம் போட்டுக்கொள்ளலாம். யாரும் கேட்கமாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தமிழக லேப்டாப்பில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எந்த அரசு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பாடம், படம், பாட்டு எல்லாம் அப்புறம். முதல் வேலையாக வாசலில் உங்கள் கோலத்தைப் போடுங்கள். அது முடியவில்லை என்றால், உங்களுக்கு வந்தது லேப்டாப் இல்லை. சாவி கொடுக்காத விளம்பரப் பலகை.