ஜே.கே.பி. இறங்கிவந்த தெரு

மிருதங்க வித்வான் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்திருக்கிறார். பாடகர் ஜே.கே.பி. என்கிற ஜே.கே. பாலகணபதிக்கு அது பொறுக்கவில்லை. வித்வானை வெளியே அனுப்பிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கச்சேரியை நடத்தி முடிக்கிறார். கே. பாலசந்தர் எடுத்து 1985 தீபாவளிக்கு வெளியான ‘சிந்து பைரவி’யில் தொடக்கத்திலேயே வரும் காட்சி இது. தாளத்துக்குத் துணை இல்லாமலே தன்னால் நிற்க முடியும் என்ற பாடகரின் இறுமாப்பு இதில் தெரிகிறது. மதுவாடையைக்கூடச் சகிக்காத இதே மனிதர், இடைவேளைக்குப் பிறகு மதுவுக்காகத் தன் பாட்டையே விலைபேசப் போகிறார்.

புகழ்பெற்ற கலைஞன் ஒருவன் குடியில் கரைவதையும், அவன் அருகில் நிற்கும் பெண் உயர்வதையும் ஹாலிவுட் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ என்ற ஒரே தலைப்பில் 1937, 1954, 1976, 2018 என நான்கு படங்கள். ஜார்ஜ் க்யூகர் இயக்கிய 1954-ஆம் ஆண்டுப் படத்துக்குத்தான் ரசிகர்கள் மறுபடி மறுபடி போகிறார்கள். அதற்குக் காரணம் ஜூடி கார்லண்டின் குரல். அவரைக் கண்டெடுத்து, மணந்து, பிறகு அவருடைய வெளிச்சத்திலேயே மங்கிப்போகும் நட்சத்திரமாக ஜேம்ஸ் மேசன். 181 நிமிடப் படத்தைத் தயாரிப்பு நிறுவனம் வெளியீட்டுக்குப் பிறகு வெட்டிக் குறைத்தது. 1983-இல், மிஞ்சிய ஒலித்தடத்தையும் அசையாப் படங்களையும் வைத்து இழந்த பகுதிகளை ஒருவாறு ஒட்டவைத்தார்கள். திரையில் சரிகிறவர் மேசன். வாழ்க்கையில் மாத்திரையோடும் மதுவோடும் மல்லுக்கட்டி, 1969-இல் 47 வயதில் இறந்தவர் கார்லண்ட். அந்தப் படத்தில் அவர் பாடும்போது தன் கதையையும் கணவன் கதையையும் சேர்த்தே பாடுகிறார் என்று தோன்றிவிடுகிறது.

இந்தியில் ‘அபிமான்’ (1973) இந்த வட்டாரத்துக்கு வந்தது. தெலுங்கில் கே. விஸ்வநாத்தின் ‘சாகர சங்கமம்’ (1983), தமிழில் ‘சலங்கை ஒலி’யாக வந்த படம், குடியில் மூழ்கிய நடனக் கலைஞனைக் காட்டியது. அவனுக்குப் புகழ் வரவே இல்லை. ஜே.கே.பி.க்குப் புகழ் நிறையவே வந்தது. கையில் இருந்ததைக் கொட்டிக் கவிழ்க்கிற கதை அவருடையது, அதனால் வலியும் வேறு.

சென்னை சபாக்களின் கதையாகத் தெரியும் இந்தப் படத்தை, புதுச்சேரியை அடுத்த வானூரிலிருந்தோ மரக்காணம் உப்பளக் கரையிலிருந்தோ பார்த்தால் அது இன்னும் நன்றாகப் பிடிபடுகிறது. அந்தக் கரையில் பாட்டு என்பது சபாவுக்குள் அடைபட்டதாக இருந்ததில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் கூத்து, ஊர்வலத்து நாகசுரம், சாவுக்கும் சாமிக்கும் அடிக்கும் பறை, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி. ‘அர்ச்சுனன் தபசு’ நடக்கும் நாளில் தபசு மரத்தில் ஏறிப் பாடுகிறவர்தான் அந்த ஊருக்கு நட்சத்திரம். வெயிலுக்கு முன்பே உப்புப் பாத்தியில் இறங்கி வாரவேண்டியவர்களும் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவரைப் பார்க்க உட்கார்ந்திருப்பார்கள்.

பாணரும் அவர்களைப் போற்றும் புரவலரும் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்ல. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் சிறுபாணாற்றுப்படை, நெய்தல் கரையின் எயிற்பட்டினம் வழியாக அவனை அனுப்புகிறது. அந்தப் பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே பரதவர் பாணனுக்குத் தேறல் ஊற்றித் தந்து, சுட்ட மீனும் கொடுத்து உபசரிக்கிறார்கள். அந்தப் பாட்டில் கள், பாடுகிறவனுக்கு ஊர் செய்யும் மரியாதை. ஜே.கே.பி.யின் உலகத்தில் அதே கள் அவமானம். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ பாடகன் ஊரைவிட்டு மேடைக்குப் போய்விட்டான்.

அந்தத் தூரத்தைத்தான் சுஹாசினி நடித்த நாயகி சிந்து சுட்டிக்காட்டுகிறாள். கச்சேரி நடுவே, புரியாத தெலுங்கில் பாடினால் கேட்கிறவர்களுக்கு என்ன போய்ச் சேரும் என்று கேட்கும் துணிச்சல் அவளுடையது. முடிந்தால் நீயே பாடிக்காட்டு என்கிற சவாலுக்கு அவள் தரும் பதில்தான் ‘பாடறியேன் படிப்பறியேன்’. படிக்காத பெண் ஒருத்தி வாசலில் நின்று பாடுவதுபோல, சித்ராவின் குரல் அலங்காரம் எதுவும் இல்லாமல் தொடங்குகிறது. பாட்டு வளர வளர மெட்டின் ஓரங்கள் கூர்மையாகின்றன. எந்த இடத்தில் என்று சொல்ல முடியாதபடி, நாட்டுப்புற மெட்டு தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யாக மாறி நிற்கிறது.

இளையராஜாவின் துணிச்சல் இங்கே இரண்டு மடங்கு. மரபாக அந்தக் கிருதியைக் காம்போதியில் பாடுவார்கள். அவர் அதைச் சாரமதி ராகத்துக்கு மாற்றினார். சாரமதியில் ஏறும்போது ஏழு சுரமும் உண்டு. இறங்கும்போது பஞ்சமமும் ரிஷபமும் விட்டுப்போகும். அந்த இடைவெளிகளில் நடவுப்பாட்டும் தாலாட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு பழைய உறவு தென்படுகிறது. சபாவுக்குள் இருப்பதும் வயலில் இருப்பதும் ஒரே சுரங்கள் என்ற வாதத்தை ஒரு கட்டுரையாளர் பத்துப் பக்கம் எழுதியும் நிரூபிக்க முடியாது. ஒரே பாட்டில், ஒரே மூச்சில், சித்ரா நிரூபித்துவிடுகிறார். மரபு தெரிந்தவர்கள் சிலருக்குக் காம்போதியைக் கைவிட்டது உறுத்தியது. உறுத்தல் நியாயம்தான், என்றாலும் கதைக்குக் காம்போதி உதவியிருக்காது. அதன் கம்பீரத்தில் அந்த வாசல் பெண் காணாமல் போயிருப்பாள்.

ஜே.கே.பி.யாக நடித்த சிவகுமார் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’யின் (1976) நாயகனும் அவரே. செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பாடம் கேட்ட யேசுதாஸின் குரலுக்கு வாயசைப்பது லேசான வேலை இல்லை. ஆலாபனையில் உதடு மட்டும் அசைந்தால் பொய் தெரிந்துவிடும். தொண்டையும் தோளும் விரலும் சேர்ந்து சுரத்தைத் தேடவேண்டும். சிவகுமார் தேடுகிறார். பாட்டில்லாத காட்சிகளில் அவர் இன்னும் ஒருபடி மேல். புகழ்பெற்ற ஆண்களுக்கே உரிய ஒரு குழந்தைத்தனம், எல்லோரும் தனக்காகக் காத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை, அவர் நடையிலேயே இருக்கிறது.

டெல்லி கணேஷ் நடித்த மிருதங்க வித்வான் குருமூர்த்தி இந்தப் படத்தின் மனசாட்சி. அவமானப்பட்டு, குடியை விடுவதாகச் சத்தியம் செய்து, மறுபடி மிருதங்கத்தின் முன் உட்காருகிறார். தன்னை வெளியே அனுப்பியவர் பிறகு தன் கண் முன்னாலேயே தள்ளாடுவதைப் பார்க்கும் முகத்தில் பழிதீர்ந்த திருப்தி ஒரு துளிகூட இல்லை. அழுகைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும் அந்தப் பார்வைக்கு வசனமே தேவைப்படவில்லை. தம்புரா போடும் கஜபதியாக ஜனகராஜ். பொய் சொல்லிப் பழகிய கஜபதியிடம், தன்னிடம் இனி பொய் சொல்லக்கூடாது என்று ஜே.கே.பி. சத்தியம் வாங்குகிறார். அந்த வரம் பிறகு சாபமாகத் திரும்புகிறது. சுருதி போடுகிற கையிடம் உண்மையை ஒப்படைத்தது பாலசந்தரின் திரைக்கதைக் கைவண்ணம்.

ஜே.கே.பி.யின் மனைவி பைரவியாக நடித்த சுலக்ஷணாவைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். கணவனின் சங்கீதம் புரியாத மனைவி என்ற பாத்திரத்தைக் கேலிக்கு இழுத்துவிடுவது சுலபம். சுலக்ஷணா அதற்கு இடம் கொடுக்கவில்லை. பாட்டு தெரியாதவளுக்குப் பாடகனைத் தெரியும் என்பதை அவர் ஒவ்வொரு காட்சியிலும் நிலைநாட்டுகிறார்.

‘கலைவாணியே’ இந்தப் படத்தின் உச்சம். கல்யாணி ராகத்தில், ஆரோகணத்தை மட்டும் கொண்டு அமைத்த பாட்டு. சுரங்கள் ஏறிக்கொண்டே இருக்கும், அவரோகணமாக இறங்கி வராது. இலக்கணம் தெரிந்தவர்கள் இதை ஒரு வித்தையாக எடுத்துக்காட்டுவார்கள். வித்தையோடு நிறுத்திவிட்டால் பாட்டின் பாதியை இழந்துவிடுவோம். மனிதன் சரிந்துகொண்டே இருக்கும் ஒரு கதைக்குள், ஏற மட்டுமே தெரிந்த ஒரு பாட்டை வைத்திருக்கிறார் இளையராஜா. ஒவ்வோர் அடியும் மேலே போய்க் கதவைத் தட்டுகிறது. திரும்பி வந்து இளைப்பாற இடமில்லை. இந்த மனிதனின் ஆசை எப்படிப்பட்டது என்பதை ராகத்தின் அமைப்பே சொல்லிவிடுகிறது. யேசுதாஸ் அதைக் கொஞ்சமும் சிரமம் காட்டாமல் பாடியிருப்பது கேட்கிறவர்களை மேலும் தவிக்க வைக்கிறது.

பிறகு ‘தண்ணித் தொட்டி’. சபாக்களின் செல்லப்பிள்ளை, போதையில், தெருத் தாளத்துக்கு ஆடுகிறார். இங்கேதான் வானூர்ப் பக்கத்து ரசிகர் ஒருவர் படத்தோடு சண்டை போட உரிமை பெறுகிறார். முதல் பாதியில் சிந்துவின் வாய் வழியாகத் தெருப்பாட்டுக்குத் தியாகராஜருக்குச் சமமான ஆசனம் போட்ட படம், இரண்டாம் பாதியில் பெரிய பாடகன் கெட்டுப்போனான் என்று காட்ட அதே தெருத் தாளத்தைத் தேடிப் போகிறது. கல்யாணியிலிருந்து குத்துக்கு வருவதை வீழ்ச்சி என்று எண்ணுகிற மனம் எதுவோ, அதைத்தான் சிந்து அந்தக் கச்சேரியில் எதிர்த்தாள். பாலசந்தர் இந்த முரணைக் கவனித்ததாகப் படத்தில் தடயம் இல்லை.

ஆனால் பாட்டு அவருக்குக் கட்டுப்படவில்லை. இளையராஜா அந்தத் தாளத்தைக் கேவலமாக அமைக்கவில்லை. திருவிழாக் கொட்டின் துள்ளல் முழுதாக இருக்கிறது. யேசுதாஸும் கர்நாடகப் பாடகர் ஒருவர் கீழே குனிந்து பாடுகிற தோரணையில் பாடவில்லை. கட்டு அவிழ்ந்த குரலின் குதூகலம் அதில் இருக்கிறது. திரையில் நடப்பது அவமானம். ஒலிபெருக்கியில் கேட்பது கொண்டாட்டம். கதை தெரியாத சிறுவர்கள் அந்தப் பாட்டுக்கு ஆடும்போது ஜே.கே.பி.யின் வீழ்ச்சியை யார் நினைக்கிறார்கள்? இளையராஜாவும் யேசுதாஸும் அறிந்தோ அறியாமலோ சிந்துவின் பக்கம் நின்றுவிட்டார்கள்.

படத்தில் பாரதியின் ‘மனதில் உறுதி வேண்டும்’ பாட்டும் உண்டு. வானூருக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்து, ஏற்றப் பாட்டுக்கும் குடுகுடுப்பைக்காரன் குரலுக்கும் கவிதையில் இடம் கொடுத்தவர் அவர். சிந்துவின் வாதத்துக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்தப் பாட்டின் முதலடியையே 1987-இல் தன் இன்னொரு படத்துக்குத் தலைப்பாக வைத்தார் பாலசந்தர், அதிலும் நாயகி சுஹாசினிதான்.

முடிவில்தான் ஹாலிவுட் படத்தோடு ‘சிந்து பைரவி’ வழி பிரிகிறது. 1954-ஆம் ஆண்டுப் படத்தில் கணவன் கடலுக்குள் நடந்துபோய்விடுகிறான்; மேடையில் எஞ்சி நிற்பவள் பாடகி. பாலசந்தர் ஆணை மீட்டு மேடையில் ஏற்றிவிடுகிறார். அவரை மீட்டெடுத்த சிந்து, அவருக்குத் தான் பெற்ற குழந்தையைப் பைரவியின் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறாள். சிந்துவாக நடித்த சுஹாசினி, கேமரா தொழில்நுட்பம் படித்துவிட்டு ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யில் (1980) நடிக்க வந்தவர். அந்தக் கடைசிக் காட்சியைத் தியாகத்தின் சோகமாக்காமல், தன் முடிவை எடுத்துவிட்ட ஒருத்தியின் நிதானமாக நடித்திருக்கிறார். இருந்தாலும் கேள்வி நிற்கிறது. ஒரு சபையையே வாயடைக்க வைத்த குரலுக்கு அந்தக் கதையில் ஏன் ஒரு மேடை இல்லை?

தேசிய விருதுக் குழு வேறு விதமாகக் கணக்குப் பார்த்தது. 33-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை சுஹாசினி. லட்சுமி, ஷோபாவுக்குப் பிறகு தமிழ்ப் படத்துக்காக அந்த விருதைப் பெற்றவர் அவர். இளையராஜாவுக்கு ‘சாகர சங்கம’த்தை அடுத்து இரண்டாவது தேசிய விருது. ‘பாடறியேன்’ பாடிய சித்ராவுக்கு முதல் தேசிய விருது. தமிழ்த் திரையில் அவர் பாட வந்ததே அந்த 1985-ஆம் ஆண்டில்தான். மறு ஆண்டே மலையாளப் படமான ‘நகக்ஷதங்க’ளுக்காக அதே விருதை மீண்டும் வாங்கினார். ஆறாவது முறை அது அவருக்கு வந்தது 2004-ஆம் ஆண்டின் ‘ஆட்டோகிராஃப்’ படத்துக்காக.