இணக்கத்தின் இலக்கணம்: ஆட்சிமொழிச் சட்டத்தில் ‘லாம்’, ‘வேண்டும்’, ‘வரை’

1. முன்னுரை

அரசியல் கருத்து வேறுபாடு இணக்கத்தில் முடியும்போது, அவ்விணக்கம் இறுதியில் ஒரு வாசகமாகவே எஞ்சுகிறது. பேசியோர் மறைவர், பேச்சின் தொனியும் மறையும், எழுதப்பட்ட தொடரே பின்வருவோர்க்குக் கிடைக்கும். ஆகவே அத்தொடர் எதிர்த்தரப்பினர் செவியில் எவ்வாறு ஒலித்தது என்பது வரலாற்றாசிரியர்க்கு மட்டுமன்றி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய வினாவாகும். இந்திய ஒன்றியத்தின் ஆட்சிமொழி குறித்து 1949, 1963, 1967 ஆகிய ஆண்டுகளில் உருவான மூன்று வாசகங்களை இந்நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லில் எட்டிய இணக்கம்

அரசியல் நிர்ணய சபையில் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்பதே தொடக்கத்தில் சிக்கலாக இருந்தது. 10-12-1946 அன்று ஆர்.வி. துலேகர் இந்துஸ்தானியில் பேசத் தொடங்கினார். அம்மொழி அறியாத உறுப்பினர் பலர் அவையில் உள்ளனர் என்று தற்காலிகத் தலைவர் சச்சிதானந்த சின்ஹா சுட்டினார். அம்மொழி அறியாதார்க்கு இந்தியாவில் இருக்க உரிமையில்லை என்னும் பொருளில் துலேகர் விடையிறுத்தார். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாண நண்பர்களே தேர்ந்துகொள்ளட்டும் என்று 5-11-1948 அன்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி எச்சரித்தார்.

இத்தகைய இரு முனைகளுக்கு இடையில் தோன்றியதே கே.எம். முன்ஷி, என். கோபாலசாமி அய்யங்கார் ஆகியோர் பெயரால் வழங்கும் வாய்பாடு. 12-9-1949 முதல் மூன்று நாள் விவாதிக்கப்பட்டு, அது சில மாற்றங்களுடன் ஏற்கப்பட்டது. ‘தேசிய மொழி’ என்னும் தொடரை இவ்வாய்பாடு விலக்கி, ‘ஆட்சிமொழி’ என்பதை மேற்கொண்டது. முன்னது ஒரு மக்களின் அடையாளத்தைச் சுட்டுவது. பின்னது அலுவலகப் பயன்பாட்டை மட்டும் சுட்டுவது.

எண்கள் பற்றிய தொடர் இன்னும் நுட்பமானது. புருஷோத்தம தாஸ் டாண்டன் முதலியோர் தேவநாகரி எண்களை வலியுறுத்தினர். தென்னக உறுப்பினர்கள் வழக்கிலிருந்த எண்களையே வேண்டினர். ‘இந்திய எண்களின் அனைத்துலக வடிவம்’ என்று 343ஆம் உறுப்பு கூறுகிறது. இதில் ‘வடிவம்’ ஒரு தரப்பின் தேவையை நிறைவேற்றுகிறது. ‘இந்திய’ என்னும் அடை மறுதரப்பின் பெருமிதத்தைக் காக்கிறது. இவ்வெண்கள் இந்தியாவில் தோன்றி அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தவை. ஆதலால் இரு தரப்பினரும் பொய் கூற நேராமல் ஒரு தொடரில் உடன்பட முடிந்தது.

ஆயினும் வாய்பாட்டின் மையம் வேறு முறையில் அமைந்தது. ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும். அதன்பின் தொடர்வது குறித்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். இங்குக் கருத்து வேறுபாடு தீர்க்கப்படவில்லை. அதற்கு ஒரு கெடு விதிக்கப்பட்டது. காலம் மனங்களை மாற்றிவிடும் என்பதே இதன் உட்கோள்.

3. ‘லாம்’ விகுதியின் சுமை

1959 ஆகஸ்டில் ஜவஹர்லால் நேரு மக்களவையில் ஓர் உறுதி அளித்தார். மக்கள் வேண்டும் காலம் வரை ஆங்கிலம் மாற்று மொழியாக இருக்கும். அதை முடிவு செய்யும் பொறுப்பு இந்தி பேசாத மக்களுடையது என்பது அதன் கருத்து. மறுதரப்பின் அச்சத்தைக் கேட்டறிந்த பின்பே இத்தகைய கூற்று பிறக்க இயலும். ஆனால் 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டத்தில் இவ்வுறுதி இடம்பெறவில்லை. இந்தியோடு ஆங்கிலமும் ‘தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்’ என்பதே அதன் வாசகம். தி.மு.க. உறுப்பினர் உள்ளிட்டோர் இவ்வினைவடிவத்தை எதிர்த்தனர். இங்கு ‘மே’ என்பது ‘ஷல்’ என்றே பொருள்படும் என்று நேரு விளக்கினார். அதுவே பொருளாயின் அதையே எழுதினால் என்ன என்பது எதிர்த்தோர் வினா. நன்மையும் தீமையும் இரு சாராரிடையே சமமாகப் பகிரப்பட வேண்டும் என்று மாநிலங்களவையில் அண்ணாதுரை வாதிட்டார்.

நேருவின் விளக்கம் அடிப்படையற்றது அன்று. ஆங்கிலச் சட்ட மரபில் ‘மே’ என்பது சூழல் நோக்கிக் கட்டாயப் பொருள் பெறுவதுண்டு. தமிழ் ‘லாம்’ விகுதிக்கும் அத்தகைய ஆற்றல் உண்டு. மேலதிகாரி ஒருவர் ‘நீங்கள் போகலாம்’ என்றால் அது பெரும்பாலும் அனுமதியன்று, ஏவலே. எனினும் அக்கட்டாயம் சொல்லில் இல்லை. சொல்பவரின் இடத்தில் உள்ளது. சட்டத்திற்கோ நிலையான பேசுநர் இல்லை. 27-5-1964 அன்று நேரு மறைந்தார். அவர் தந்த பொருளும் பற்றுக்கோடின்றி நின்றது. ஏட்டில் இருந்தது ‘மே’ மட்டுமே.

இச்சட்டத்தைத் தமிழில் பெயர்ப்பவர்க்கு இவ்விடம் ஒரு சோதனை. வாக்குறுதிக்கு உண்மையாக இருக்க விரும்பின் ‘வேண்டும்’ என்று எழுத நேரும். மூலத்திற்கு உண்மையாக இருக்க விரும்பின் ‘லாம்’ என்றே எழுத வேண்டும். இரண்டாவதே முறையாகும். அவ்வாறு எழுதும்போது எதிர்த்தோர் செவியில் ஒலித்த பொருளே தமிழ் வாசகர்க்கும் கிட்டுகிறது. மொழிபெயர்ப்பு இங்கு ஐயத்தை உண்டாக்கவில்லை. மூலத்தில் இருந்த இடைவெளியைக் காட்டுகிறது. அவ்வைய‌த்தின் விலை சிறிதன்று. 26-1-1965 நெருங்கியபோது தமிழகத்தில் போராட்டம் மூண்டது, உயிர்கள் பலியாயின, மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். 11-2-1965 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிகள் காக்கப்படும் என்று கூறினார்.

4. ‘வரை’ எனும் காப்பு

1967 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் பற்றி, ‘லாம்’ நீக்கப்பட்டு ‘வேண்டும்’ சேர்க்கப்பட்டது என்ற பொதுவான எண்ணம் உண்டு. வாசகம் அவ்வாறு இல்லை. 3(1)ஆம் பிரிவில் ‘மே’ இன்றும் உள்ளது. அதைச் சுற்றியே புதிய தொடர்கள் எழுப்பப்பட்டன. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துடன் ஒன்றியம் கொள்ளும் தொடர்பில் ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று ஒரு வரம்புரை கூறுகிறது. பொது ஆணை, விதி, அறிவிக்கை முதலியன இரு மொழிகளிலும் அமைய வேண்டும் என்கிறது 3(3)ஆம் பிரிவு. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும், அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும், ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றும் வரை ஒன்றிய அலுவல்களுக்கான இவ்வேற்பாடு நிலைக்கும் என்கிறது 3(5)ஆம் பிரிவு.

இத்திருத்தத்தின் உயிர்நாடி ‘வரை’ என்னும் சொல்லே. 1949இல் எல்லை ஆண்டுகளால் அளக்கப்பட்டது. 1967இல் இசைவால் அளக்கப்படுகிறது. அஞ்சியவரின் சம்மதமே எல்லையாக்கப்பட்டது. இந்தியை விரும்பியோர் அடிப்படை வாசகத்தை இழக்கவில்லை. அஞ்சியோர் வேறொருவர் நல்லெண்ணத்தை நம்பியிருக்க நேரவில்லை.

இவ்விணக்கத்திற்குக் குறைகளும் உண்டு. ஒரு மாநிலம் இசையாவிடினும் மாற்றம் நிகழாது; ஆகவே உரையாடலைத் தொடரும் தூண்டுதல் இரு தரப்புக்கும் குறைந்தது. மேலும் இது இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலான ஏற்பாடாகவே நின்றுவிட்டது. எட்டாவது அட்டவணையில் தொடக்கத்தில் 14 மொழிகள் இருந்தன. இன்று 22 உள்ளன. இவற்றுள் இந்தி தவிர்ந்தவற்றின் குரல் ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே இவ்வாசகத்தில் காக்கப்படுகிறது.

5. முடிவுரை

மூன்று வாசகங்களையும் ஒப்பிடும்போது, இணக்கத்தின் தரம் விட்டுக்கொடுத்த அளவைப் பொறுத்ததன்று என்பது புலனாகும். எழுதுபவர் தம் சொல்லை மறுதரப்பின் செவியால் கேட்டாரா என்பதே அளவுகோல். 1963இல் அரசின் எண்ணம் நேர்மையானதே. ஆனால் கேட்கப்பட்டது எழுதப்படவில்லை. 1967இல் அது எழுதப்பட்டது. சட்டத்தையோ உடன்படிக்கையையோ பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், ‘லாம்’ வருமிடந்தோறும் அது யாருடைய சொல், அவர் இல்லாதபோது அதன் பொருள் என்ன என்று வினவிக்கொள்வது நன்று.