பாதியில் அறுந்த வரி

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை. பாடற்குழுப் பயிற்சி முடிந்து எல்லாரும் கலைந்தபின், எம் பங்கில் கீபோர்டு வாசிக்கும் இளைஞன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "சாமி, இதை ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றான். கனத்த பேஸ் ஒலி நிதானமாய் நடைபோட, அதன்மேல் ஓர் ஆண்குரல் எழுந்தும் தாழ்ந்தும் மிதந்து வந்தது. என் கால் தானாகவே தாளமிட்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. யார் பாடுவது என்று கேட்டேன். "மாஸிவ் அட்டாக், சாமி" என்றான். அது ரீமிக்ஸ் செய்த குழுவின் பெயர். பாடியவர் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் குரல் நுஸ்ரத் ஃபதே அலி கானுடையது. 1948இல் இன்றைய பாகிஸ்தானின் ஃபைசலாபாத் நகரில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகக் கவ்வாலி பாடிய குடும்பம். 1985இல் இங்கிலாந்தின் மெர்சி தீவில் நடந்த வோமாட் இசைவிழா அவரை மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தியது. 1997 ஆகஸ்ட் 16 அன்று, தம் 48ஆம் வயதில் லண்டனில் மறைந்தார். அதே ஆண்டில் வெளியான ஏ.ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' தொகுப்பிலும் அவர் குரலைக் கேட்ட தமிழர் பலர்.

இளைஞன் கேட்கத் தந்த பாடல் 'மஸ்த் மஸ்த்'. சிந்து மாகாணத்தின் சேவானில் அடக்கமாகியுள்ள லால் ஷாபாஸ் கலந்தர் என்னும் சூஃபி அடியாரைப் போற்றும் மரபில் வந்தது. 'மஸ்த்' என்றால் போதையுற்ற நிலை. இங்கே அது மதுவின் போதை அன்று, இறையன்பின் போதை. 1990இல் கனடாவைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் மைக்கேல் புரூக், நுஸ்ரத்துடன் சேர்ந்து இதே பெயரில் ஒரு தொகுப்பை ரியல் வேர்ல்டு நிறுவனத்துக்காக உருவாக்கினார். அதன் கடைசிப் பாடலாக இடம்பெற்றதே, பிரிஸ்டல் நகரின் மாஸிவ் அட்டாக் குழு செய்த ரீமிக்ஸ்.

பழைய பாடலில் எவரேனும் கைவைத்தாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். மறுபுறம், புதுமை எதுவாயினும் வரவேற்கத் தக்கதே என்று நினைப்போரும் உண்டு. இந்த வழக்கில் நாம் தீர்ப்பு எழுதுமுன் பாடகரின் சாட்சியத்தைக் கேட்பது நல்லது. கிட்டாரையோ மின்தாளத்தையோ நுஸ்ரத் மறுக்கவில்லை. மணிக்கணக்கில் பாடிப் பழகியவர், சில நிமிடப் பாடல்களுக்கும் இசைந்தார். ஆனால் பதிவுகளை வெட்டி ஒட்டிய சில இடங்களை மட்டும் அவர் ஏற்கவில்லை. ஏனெனில் அங்கே வரி பாதியில் அறுந்து பொருளிழந்திருந்தது. சொற்களே இல்லாமல் வெறும் ஸ்வரங்களைப் பாடிய இடங்களிலும், தொடங்கிய கருத்து முடியுமுன் வெட்டப்பட்டிருந்ததாம். இவற்றைப் புரூக்கே பின்னர் ஒளிவின்றிக் கூறியிருக்கிறார்.

கவ்வாலி என்னும் பெயரிலேயே இதற்கு விளக்கம் உண்டு. 'கவ்ல்' என்ற அரபுச் சொல்லுக்குக் 'கூற்று' என்று பொருள். கூற்றைச் சொல்பவன் கவ்வால். ஆகவே அங்கே குரல் ஓர் ஊர்தி. அதில் ஏறி வருவது சொல். வார்த்தை மனுவுருவானதை நம்பும் நமக்கு இது அயலான எண்ணம் அன்று. பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை மிகுதியாக ஈர்த்துவிடுகிறதே என்று புனித அகுஸ்தீனார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் வருந்துகிறார். ஆயினும் அவர் ஆலய இசையை விலக்கிவிடவில்லை.

ரீமிக்ஸின் உயிர்நாடி மீள்வருகை. ஒரு துண்டு ஒலியைச் சுழலவிட்டு, அதன்மேல் மற்றவற்றை அடுக்குவார்கள். கவ்வாலியும் மீள்வருகையால் வாழ்வதே. எனினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கவ்வால் அவையைக் கவனித்தபடியே பாடுகிறார். ஏதோ ஒரு வரி ஒருவரின் உள்ளத்தைத் தொட்டுவிட்டால், அவர் அந்த உணர்விலிருந்து மீளும்வரை அவ்வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது மரபு. 13ஆம் நூற்றாண்டில் டெல்லியில் வாழ்ந்த குத்புதீன் பக்தியார் காக்கி, நாள்கணக்காக ஒரே வரியைப் பாடக் கேட்டு அந்தப் பரவசத்திலேயே உயிர்நீத்தார் என்று சூஃபி மரபு சொல்கிறது.

இதைப் படித்தபோது, என் முதல் பங்கில் இருந்த முதிய உபதேசியார் நினைவுக்கு வந்தார். சாவு வீட்டில் மன்றாட்டுமாலை சொல்கையில், மகனைப் பறிகொடுத்த தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் விம்மத் தொடங்கினால் அடுத்த மன்றாட்டுக்குப் போகமாட்டார். அவள் வாய் திறந்து பதிலுரையில் சேரும்வரை அதே மன்றாட்டில் நிற்பார். ஓர் ஆளுக்காக நடந்த மீள்வருகை அது. இயந்திரச் சுழற்சி எவருக்காகவும் நிற்பதில்லை, எவரைக் கண்டும் நகர்வதில்லை.

நடன அரங்கின் இசைத்தட்டுக் கலைஞரும் கூட்டத்தைப் பார்த்தே இசையை நீட்டுகிறார், குறைக்கிறார் என்று நீங்கள் மறுக்கலாம். உண்மைதான். பதிவாகிவிட்ட கவ்வாலியும் மாறாத ஒலிதானே என்றும் கேட்கலாம். அதுவும் சரியே. ஆனால் அவைமுன் பாடிப் பதிவான கவ்வாலியில் ஒரு சந்திப்பு பதிந்திருக்கிறது. கேட்பவரின் ஆரவாரம், குழுவினரின் கைத்தட்டல், பின்பாட்டு எல்லாம் அதில் உண்டு. மாஸிவ் அட்டாக்கின் ரீமிக்ஸில் குரலைச் சுற்றிப் பரந்த வெளி விடப்பட்டிருக்கிறது. அவர்கள் அக்குரலை மதித்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. அதன் அழகை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கைத்தட்டலின் இடத்தை மின்தாளம் எடுத்துக்கொண்டது. குரல் தனித்து நிற்கிறது. போற்றப்படும் அடியார் யார் என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. இறைபோதை வெறும் மயக்கமாகச் சுருங்கிவிடுகிறது.

1997இல் வந்த 'ஸ்டார் ரைஸ்' தொகுப்பையும் இங்கே நினைக்க வேண்டும். டால்வின் சிங், நிதின் சாவ்னி முதலிய, பிரிட்டனில் வளர்ந்த தெற்காசிய வழிவந்த கலைஞர்கள் நுஸ்ரத்தின் பாடல்களை அதில் மறுபடைப்புச் செய்தார்கள். தம் பெற்றோர் வீட்டில் ஒலித்த குரலைத் தம் தலைமுறையின் தாளத்தோடு இணைத்துப் பார்க்கும் முயற்சி அது. அந்த ஏக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டனாரின் மொழி பாதி மறந்துபோன பேரன், நினைவில் நின்ற சொற்களையேனும் உச்சரித்துப் பார்ப்பது போன்றது அது.

ஆகவே ரீமிக்ஸைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி, அது பழையதைக் கெடுத்ததா என்பதன்று. மூலம் எங்கும் போய்விடவில்லை. நுஸ்ரத் 1990இல் பாடி, காப்பகத்தில் முடங்கிக் கிடந்த நான்கு கவ்வாலிகள் 2024இல் 'செயின் ஆஃப் லைட்' என்னும் பெயரில், அவருடைய குழுவின் மரபுவழி இசையோடேயே வெளிவந்தன. புதிய ஒலி கேட்பவரை அந்த மூலத்தின் சொல்வரை அழைத்துச் செல்கிறதா, அல்லது குரலின் இனிமையோடு நிறுத்திவிடுகிறதா என்பதே கேள்வி.

அந்தத் தொகுப்பின் பெயரை இளைஞனிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, குருத்து ஞாயிறுப் பயிற்சிக்கு வந்தவன் கீபோர்டைத் திறக்குமுன் என்னிடம் வந்தான். "முழுசாக் கேட்டேன் சாமி. ஒரே வரியை அவ்வளவு நேரம் பாடுறாரே, அதுல என்னதான் சொல்றார்?"

அன்று பயிற்சி தொடங்கச் சற்றுத் தாமதமாயிற்று.