ஆசியாவின் டெட்ராய்ட்டுக்கு ஒரு டெக்னோ

சென்னையை 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. முதலீட்டாளர் மாநாடு, கார் கம்பெனிச் செய்தி, எங்கே பார்த்தாலும் இந்தப் பேர்தான். ஆனால் டெட்ராய்ட் உலகத்துக்குக் கார் மட்டும் தரவில்லை, டெக்னோ இசையையும் தந்தது. அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 1980களில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வைத்து உண்டாக்கியது அது. மூவரும் டெட்ராய்ட்டின் புறநகரான பெல்வில்லில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்கள் கேட்டு வளர்ந்ததில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கும் உண்டு. 1988இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு ஆல்பம்தான் 'டெக்னோ' என்ற பேரை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது.

நம்ம ஊருக்கு வருவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை, பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கார் தொழிற்சாலைகள். இந்த டெட்ராய்ட்டோட டெக்னோ எது? என்னைக் கேட்டால் கானா என்பேன். சினிமாவில் வரும் கானாவைச் சொல்லவில்லை. கீபோர்டும் ரிதம் பேடும் வாடகை ஸ்பீக்கரும் வைத்துத் தெருவில் நடக்கிற கானா, போனில் ரெக்கார்ட் பண்ணி யூடியூபில் ஏற்றுகிற கானா. வடசென்னையில் பிறந்து நகரம் விரிந்த பக்கமெல்லாம் கூடவே போன இசை.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு புலம்பல் வரும். "கானா கெட்டுப்போச்சுப்பா. பேடு வந்துச்சு, ஆட்டோடியூன் வந்துச்சு, சினிமாக்காரன் வந்தான், ராப் பசங்க வந்தாங்க." இந்தப் புலம்பலுக்குள் இரண்டு வெவ்வேறு புகார்கள் பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஒன்று பொய், இன்னொன்று உண்மை.

பொய்யானது, வெளியிலிருந்து வந்ததெல்லாம் கானாவைக் கெடுத்தது என்பது. கானா எப்போது வெளிக்காற்று படாமல் இருந்தது? ஹார்மோனியம், டோலக் எல்லாம் எங்கிருந்து வந்தன? சினிமா மெட்டை எடுத்துத் தன் வரிகளைப் போட்டுப் பாடுவது கானாக்காரர்களின் பழைய பழக்கம். கையில் கிடைத்ததை வாத்தியமாக்குவதுதான் அவர்களின் இலக்கணமே. தீப்பெட்டியில் தாளம் போட்டவர்களிடம் போய் பேடு தொடாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

புதியவர்கள் விஷயமும் அப்படித்தான். கானா வெகுகாலம் ஆண்களின் கோட்டையாக இருந்தது. அதற்குள் ஒரு பெண்ணாக வந்து நின்றவர் இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது. 'அசல் கானா' காவலர்கள் சொன்னபடி நடந்திருந்தால் அந்தக் குரல் நமக்குக் கிடைத்தே இருக்காது. அதேபோல, பெண்ணைத் திட்டியே ஓடுகிற யூடியூப் கானாக்களுக்கு வெளியாட்கள் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. அந்தச் சரக்கு உள்ளேயே இருந்தது.

இரண்டாவது புகார், மெஷின் எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது என்பது. இது உண்மை. ஆனால் எதை எடுத்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும். மரண கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவர் செத்தவரின் பேரைச் சொல்வார், மகனை இழுப்பார், மருமகளை இழுப்பார், யாராவது அழுதால் அந்த வரியிலேயே நிற்பார். சட்டியும் டோலக்கும் அடிப்பவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே அடிப்பார்கள். பாட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது துக்கம். கையால் அடிக்கிற வரைக்கும் பேடும் இதைச் செய்யும். இணையத்திலிருந்து இறக்கிய ரெடிமேட் பீட் செய்யாது. அது யாருக்காகவும் நிற்காது. பாடுகிறவர்தான் ஓடிப் பிடிக்க வேண்டும். ஆக, கானா இழந்தது 'தூய்மை'யை இல்லை, காத்திருப்பதை.

இந்த இடத்தில்தான் மேற்கு ரயில் பாதை முக்கியமாகிறது. ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்தவர் பா. ரஞ்சித். அதே பாதையில் இன்னும் போனால் அறிவின் ஊரான அரக்கோணம். ரஞ்சித்தின் 'அட்டகத்தி' (2012) சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலாவின் குரலைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தது. அடுத்து தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 19 பேரோடு மேடையேறிய குழு. ராக், ராப், கானா எல்லாம் அதில் உண்டு. கிட்டார் பக்கத்திலேயே சட்டியும் கட்டமோளமும் பறையும் இருந்தன என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். தென்மா அந்த வாத்தியங்களைச் சாம்பிளாகச் சுருக்கவில்லை, வாசிப்பவர்களையே மேடையில் நிறுத்தினார். சில பாடல்களில் கோஷம் பாட்டை மிஞ்சிவிடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதிய ஒலி பழைய கைகளுக்கு இடம் விட்டது. நல்ல கலப்புக்கு நான் வைக்கும் முதல் அளவுகோல் இது.

இரண்டாவது அளவுகோல் பேர். 'எஞ்சாயி எஞ்சாமி' மார்ச் 2021இல் வந்தது. ஒப்பாரி, ராப், எலக்ட்ரானிக் மூன்றும் ஒட்டுத் தெரியாமல் சேர்ந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அறிவு அதில் வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரரான டிஜே ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார். அதில் எனக்குக் குறை இல்லை, பாட்டு பயணம் போகட்டும். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022இல் பாட்டை உருவாக்கியது யார் என்பதே அறிவுக்கும் சந்தோஷ் நாராயணனுக்கும் இடையே பொதுவெளி விவாதமானது. அந்த வழக்கில் தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. ஒரு பாட்டு வெளியே போகப் போக யார் பேர் முதலில் உதிர்கிறது என்பதுதான் என் கேள்வி. பாட்டியின் கதை எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது, பேரன் அட்டையில் இடம்பிடிக்கச் சண்டை போட வேண்டியிருக்கிறது.

டெட்ராய்ட்டுக்கும் இதுதான் நடந்தது. 2024இல் பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெர்லின் அந்த இசையை வளர்த்தது நிஜம். ஆனாலும் இன்றைக்கு டெக்னோ என்றால் பலர் கண்ணில் வருவது ஒரு ஐரோப்பிய கிளப்தான், பெல்வில் பள்ளிக்கூடம் இல்லை. டெட்ராய்ட் போட்ட இசைக்குப் பெர்லின் பட்டா வாங்கிவிட்டது.

அதனால் கானாவுக்குள் யாரும் வரக்கூடாது என்று வேலி போடுவதை விட்டுவிடலாம். வருகிற ஒவ்வொரு புதுப் பாட்டிடமும் இரண்டு விஷயம் கேட்போம். இந்த பீட் பாடுகிறவருக்காக நிற்குமா? பாட்டுக்குக் கீழே யார் பேர் எந்த வரிசையில் இருக்கிறது? இரண்டாவதைத் தெரிந்துகொள்ள இசை ஞானம்கூட வேண்டாம். அடுத்த முறை ஷேர் பண்ணும் முன்னால் டிஸ்கிரிப்ஷனைத் திறந்து, சட்டி அடித்தவர் பேர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.