ஆக்காண்டியின் முட்டையும் இரையும்

ஆக்காண்டிப் பாடலைச் சோகப்பாட்டு என்று கூறி அமைந்துவிடுவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கின்றது. அப்பாடல் தான் பாடும் பறவையை எவ்வளவு அறிந்து பாடுகின்றது என்னும் வினா எழுப்பப்படுவது அரிது.

ஆக்காண்டி என்பது ஆட்காட்டியின் பேச்சு வழக்கு. நீரோரங்களிலும் வெட்டவெளிகளிலும் வாழும் இந்நெடுங்காற் பறவை ஆளைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. இது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் ஒரு சிறு குழி, அதனைச் சூழக் கூழாங்கற்கள், அவ்வளவே. அதில் வழக்கமாக நான்கு முட்டைகள், கல்லோடும் மண்ணோடும் பிரித்தறியவொண்ணா நிறத்தில் கிடக்கும். பாடலின் தாய்ப்பறவையும் கல்லைத் துளைத்துக் கடலோரத்தில் நான்கு முட்டையிட்டதாகவே கூறுகின்றது. துளைத்தல் மிகையெனினும் இடமும் எண்ணும் கண்ணாற் கண்டவை.

அடுத்த கட்டத்திலேதான் பாடல் பறவையை விட்டு விலகுகின்றது. மூத்த குஞ்சுக்கும் இளைய குஞ்சுக்கும் இரைதேடித் தாய் மலைகளைச் சுற்றி வருகின்றாள்; கண்ணியில் அகப்படுகின்றாள். உண்மையில் ஆட்காட்டிக் குஞ்சுகள் பொரித்த சின்னாளிலன்றிச் சில மணி நேரத்திலேயே நடக்கத் தொடங்கித் தாமே கொத்தித் தின்பவை. தாய் ஊட்டுவதில்லை; உடன் நின்று காக்கும், பகை நெருங்கின் சிறகொடிந்தாற்போல நடித்து அதனைத் திசைதிருப்பும். முட்டையை எண்ணியறிந்த பாடகன் இதனைக் காணாதிருந்தான் என்பது பொருந்தாது. இதனைப் பிழையென்பார் பறவை நூலார் ஆகலாம், திறனாய்வாளர் ஆகார். முட்டைவரை பாடப்பட்டது பறவை. இரை என்ற சொல் வந்ததும் அங்கே நிற்பவள் பிள்ளையை விட்டுப் பிழைப்புக்குச் செல்லும் பெண். கண்ணி அவளுக்காகவே வைக்கப்பட்டது. சண்முகம் சிவலிங்கம் தமது 'ஆக்காண்டி' கவிதைக்கு இப்பாடலின் வடிவைத் தேர்ந்தமைக்கும் இதுவே காரணமாதல் கூடும்.

கரையோரத்தார்க்கு மலை தொலைவைக் குறிக்கும் சொல். ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்திலுள்ள தலவாக்கலையின் தோட்டங்களிலோ கொழுந்து பறிக்கும் இடத்துக்கே மலை என்று பெயர். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு 'மலைக்குப் போகும்' தாயின்முன் இப்பாடலைப் படித்தால், மலை சுற்றுதல் உயர்வுநவிற்சியாகாது, அன்றாட வேலையாகும். நாட்டார் பாடல்களைக் கிழக்கிலங்கையின, மலையகத்தின எனத் தனித்தனியே அடுக்கும் தொகுப்பு முறை இவ்வாசிப்புக்கு இடந்தருவதில்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து குறையின் அத்தாய்க்கு எழுதப்படுவது அரைப்பேர்.