இரண்டு கணக்குக்கு நடுவே ஒரு மாணவர்

கல்லூரியில் இடம் கிடைத்து, நிதியுதவியும் ஒதுக்கப்பட்டபின் மாணவர் வராமல் போனால் அந்தப் பணம் என்ன ஆகும்? அமெரிக்க ஒன்றிய அரசின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு வகுப்புக்குக்கூட வராதவருக்கு ஒரு டாலரும் கிடையாது. கல்லூரிக்கு வந்து சேர்ந்த தொகை முழுவதும் திரும்பிப் போக வேண்டும். வழங்கப்படாத கடன் ரத்தாகும். அடுத்த கல்வியாண்டில் சேர நினைத்தால் ஒன்றிய அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

இதில் நியாயம் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பகுதி வழியாகச் செல்வது மக்களின் வரிப்பணம். வசதி குறைந்த மாணவர்களுக்கான பெல் மானியம் மட்டுமே 2024-25இல் ஒருவருக்கு 7,395 டாலர் வரை போனது. போலிப் பெயர்களில் இணைய வகுப்புகளில் பதிந்து, உதவித்தொகையைச் சுருட்டிக்கொண்டு மறையும் கூட்டங்களால் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் பெரும் தொல்லைப்பட்டிருக்கின்றன. வருகையைப் பார்க்காமல் பணம் கொடுக்க முடியாது என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

என் மறுப்பு வேறு இடத்தில். பல கல்லூரிகள் கட்டணம் கட்டாதவரின் பதிவைத் தாமாகவே நீக்கிவிடும். நிதியுதவி ஒதுக்கப்பட்டவரின் பதிவை அப்படி நீக்காமல், பணம் வரும் என்று நம்பி வைத்திருக்கும். அந்த மாணவர் சொல்லாமல் நின்றுவிட்டால் உதவி போய்விடும், பதிவு நிற்கும், கட்டணச் சீட்டு வீடு தேடி வரும். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, போகாமல் இருப்பதற்கும் ஒரு படிவம் உண்டு என்று யார் சொல்லியிருப்பார்கள்?

சேர்ந்து நடுவில் நிற்பவரின் நிலை இன்னும் கடினம். 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த முறைப்படி, உதவித்தொகை நாள் கணக்கில் மாணவருக்குச் சொந்தமாகிறது; பருவத்தின் 60 சதவீதத்தைத் தாண்டியபின் முழுத் தொகையும் அவருக்கு உரியது. ஆனால் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியைக் கல்லூரியே வகுத்துக்கொள்கிறது. முதல் சில வாரங்களோடு அந்தக் கதவை அடைத்துவிடும் கல்லூரிகள் ஏராளம். ஒரு பருவம் 100 நாள், மானியம் 3,000 டாலர், கட்டணமும் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு உடல்நலமில்லை என்று 30ஆம் நாளில் ஒருவர் விலகுகிறார். அரசின் கணக்கில் அவருக்கு உரியது 900 டாலர். மீதி 2,100 டாலரைக் கல்லூரி அரசுக்கு அனுப்பிவிடுகிறது. கல்லூரியின் கணக்கிலோ அவர் முழுக் கட்டணத்துக்கும் பொறுப்பாளி. ஆக, கையில் ஒரு காசும் வாங்காதவர் 2,100 டாலர் கடன்காரர் ஆகிறார். அரசின் பணம் பத்திரம், கல்லூரியின் வருமானமும் பத்திரம். இழப்பு முழுவதும், மூவரில் மிக எளியவர் தலையில்.

பாக்கி இருக்கும்வரை அவர் பெரும்பாலும் அதே கல்லூரியில் மறுபடி பதிய முடியாது. சில ஆண்டு கழித்துப் புதிய மானியத்தோடு வந்தாலும், அதிலிருந்து பழைய ஆண்டின் பாக்கிக்கு 200 டாலருக்கு மேல் எடுக்க விதி இடம் தராது. மதிப்பெண் சான்றிதழைப் பிடித்துவைத்துப் பாக்கியை வசூலிப்பதைக் கலிபோர்னியா 2020 முதல் தடை செய்திருக்கிறது. கடன் என்னவோ அப்படியே இருக்கிறது.

இதை மாற்ற முடியாதா? 2020 மார்ச்சில் நிறைவேறிய கேர்ஸ் சட்டம், கோவிட் காரணமாக விலகியவர்களுக்கான தொகையைக் கல்லூரிகள் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்றது. அந்தப் பருவத்துக்காக அவர்கள் வாங்கிய அரசுக் கல்விக் கடனையும் ரத்து செய்தது. பெருந்தொற்றில் ஏற்கப்பட்ட காரணம், ஒரு வீட்டில் மட்டும் நோய் வந்தால் ஏற்கத்தகாததா?

ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது, இடமும் வீணாகிவிட்டது என்று கல்லூரிகள் சொல்லும். உண்மைதான். ஆனாலும் அந்த இழப்பைப் பல ஆயிரம் பேரின் கட்டணத்தில் பரப்பித் தாங்கும் வலு கல்லூரிக்கு உண்டு. மானியத்தை நம்பி வந்தவருக்கு இல்லை. அரசு எந்த நாள் கணக்கில் தன் பணத்தைத் திரும்பக் கேட்கிறதோ, அதே நாள் கணக்கில் மானியம் பெறுவோரின் கட்டணத்தையும் கல்லூரி குறைக்க வேண்டும். நான்காம் பகுதியின் பணத்தை வாங்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் இதை நிபந்தனையாக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.